இரட்டைப் பிள்ளைகள்: பெயர் சூட்டுவது முதல் ஆய்வில் சேர்வது வரை

காரைக்குடித் தாய் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் இரண்டு இரட்டைப் பிறப்புகள் நிகழ்ந்திருக்கின்றன. இரண்டைப் பற்றியும் இப்போது முடிவெடுக்க வேண்டியிருப்பதால் இரு கேள்விகளோடு வந்திருக்கிறேன்.

முதற்கேள்வி பெயரைப் பற்றியது. என் தங்கைக்கு அண்மையில் அறுவைச் சிகிச்சை மூலம் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவனுக்கு அப்பச்சியைப் (அப்பாவைப்) பெற்ற ஐயாவின் (தாத்தாவின்) பெயரும் அடுத்தவனுக்கு ஆத்தாவைப் (அம்மாவைப்) பெற்ற ஐயாவின் பெயரும் இடுவது நம் நகரத்தார் வழக்கம். இரண்டு ஐயாக்களுக்கும் ஒரே நாளில் பேரன் வாய்த்ததில் இரு வீட்டாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஸ்கேன் அறிக்கைகளில் முதற்குழந்தை என்று குறிக்கப்பட்டிருந்த பிள்ளை, அறுவைச் சிகிச்சையின்போது இரண்டாவதாகவே வெளியே எடுக்கப்பட்டான். ஆகவே யார் மூத்தவன் என்பதில் பெரியவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. அதோடு ஒரு ஐயாவின் பெயர் முத்துராமன். மற்றவர் பெயர் முத்துக்கருப்பன். விலாசமும் (பெயருக்கு முன் எழுதும் முதலெழுத்துகள்) பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கும்போது பெயரின் முதற்பாதியும் ஒன்றாக இருந்தால் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குத் தொல்லை வருமோ என்று தங்கை அஞ்சுகிறாள்.

இரண்டாம் கேள்வி என் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களும் இரட்டையர், எட்டு வயது ஆகிறது. பள்ளி வழியாக ஒரு பல்கலைக்கழகக் குழுவினர் எங்களை அணுகி, இரட்டைக் குழந்தைகளின் கண்பார்வை, உறக்கம், படிப்பு ஆகியவற்றை ஆராய்வதாகவும், வினாத்தாளும் கண் பரிசோதனையும் உமிழ்நீர் மாதிரியும் தேவைப்படும் என்றும் கூறினார்கள். என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நன்கு விசாரித்து முடிவெடுக்கச் சொல்கிறார். மாமனாருக்கு இதில் சற்றும் விருப்பமில்லை. ‘நம் பிள்ளைகளைப் பரிசோதனைப் பொருளாக்க வேண்டுமா?’ என்று அவர் கேட்பதை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. பிறந்தபோது இரண்டு நஞ்சுக்கொடிகள் இருந்ததால் இவர்கள் ஒருகரு இரட்டையர் (ஒரே கருமுட்டை பிரிந்து உருவானவர்கள்) அல்லர் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். ஆனால் வகுப்பாசிரியை இன்றளவும் இருவரையும் மாற்றியே அழைக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தேவகோட்டை ஐயா (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஆச்சி, பெயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆய்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

யார் மூத்தவர் என்பதற்கு, முதலில் வெளியே வந்தவரே மூத்தவர் என்பதைத் தவிர வேறு அளவுகோலை நம் வழக்கம் ஏற்றதில்லை. ஸ்கேனில் முதற்குழந்தை என்று எழுதுவது, கருப்பை வாய்க்கு அருகில் இருக்கும் குழந்தையை அடையாளங்காட்டுவதற்காக மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் குறிப்பு மட்டுமே. அதை மூப்புரிமையாகக் கொள்வதற்கில்லை. பின்னால் பிறந்தவனே முதலில் கருவில் தரித்தவன், ஆகவே அவனே மூத்தவன் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அதற்கு உடற்கூற்றியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடமும் இப்படியொரு நம்பிக்கை இருக்கிறது. முதலில் பிறப்பவருக்குத் தாய்வோ என்றும் அடுத்தவருக்குக் கெயிண்டே என்றும் பெயரிட்டு, பின்னால் வந்தவரே மூத்தவர் என்பார்கள். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்து வர இளையவரை முன்னால் அனுப்பியதாக அவர்களின் விளக்கம். அவரவர் வழக்கம் அவரவர்க்குச் சிறப்புடையது. இங்கே பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் பதிவாகியிருந்தால் அதுவே போதும்.

பெயர் ஒப்புமை குறித்து உங்கள் தங்கை அஞ்சுவது நியாயமானது. நம் வீடுகளில் ஒரே ஐயாவின் பெயரை அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் பலர் தாங்கியிருப்பது புதிதல்ல. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், ஐயாவின் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு வீட்டில் அழைக்க வேறொரு பெயர் தானாகவே அமைந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தாய்மாருக்குப் பிறந்தவர்கள். ஏட்டில் குழப்பம் வர வழியில்லை. இரட்டையருக்கு விலாசம், பெற்றோர், பிறந்த நாள், முகவரி, பள்ளி ஆகிய அனைத்தும் ஒன்றாகவே அமைகின்றன. வேறுபடுத்திக் காட்ட எஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். நட்சத்திரப்படி எழுத்துப் பார்த்துப் பெயர் வைத்தாலும் இதே சிக்கல்தான். ஒரு நட்சத்திரப் பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிப்பதால், சில நிமிட இடைவெளியில் பிறந்த இருவருக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துதான் வரும்.

என் யோசனை இதுதான். ஒருவனுக்கு முத்துராமன் என்று முழுப்பெயரையும் வைத்துவிட்டு, மற்றவனுக்குக் கருப்பையா என்று பதிவு செய்யலாம். ஐயாவின் பெயரில் உள்ள தெய்வம் பேரனின் பெயரிலும் நின்றுவிடுகிறது. ஐயாவுக்கும் மனக்குறை இராது. அவசரமும் வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் சேர்க்கலாம். இரு வீட்டாரும் நிதானமாகப் பேசி முடிவெடுக்க இந்தக் காலம் தாராளமாகப் போதும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நகரத்தார் கோவில்களில் திருமணமான ஒவ்வோர் ஆணும் தனித்தனிப் புள்ளி, அதாவது கோவில் கணக்கில் தனிக் குடும்பம். ஒரே நேரத்தில் பிறந்தவர்கள் என்பதற்காக இருவரையும் ஒரு புள்ளியாக எந்தக் கோவிலிலும் எழுதுவதில்லை.

பச்சிளங்குழந்தை மருத்துவர், மதுரை

ஐயா கூறிய பெயர்க்குழப்பம் மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அன்றாடம் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பெயரிடப்படாத குழந்தைகளுக்குத் தாயின் பெயரோடு ஒன்று, இரண்டு என்று எண் சேர்த்து அட்டை கட்டுகிறோம். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 37 வாரங்களுக்கு முன்பே பிறந்துவிடுவதால், பலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்த தொட்டில்களில் கிடக்கிறார்கள். ஓர் எண் மாறினால் மருந்தும் மாறிவிடும். அமெரிக்காவில் அடெல்மன் என்ற மருத்துவரின் குழுவினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ‘ஆண் குழந்தை’ என்ற பொதுப்பெயருக்குப் பதிலாகத் தாயின் முதற்பெயரைச் சேர்த்துத் தனித்துவமான தற்காலிகப் பெயரைக் கொடுத்தபோது, தவறான குழந்தைக்கு மருத்துவ உத்தரவு எழுதப்படுவது 36 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததாகக் கண்டார்கள். 2019 முதல், பிறந்த குழந்தைகளைத் தெளிவாக வேறுபடுத்தும் பெயரிடும் முறை, அந்நாட்டு மருத்துவமனைகளின் அங்கீகாரத்துக்கு உரிய விதிகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே முத்துராமனும் கருப்பையாவும் என் பார்வையில் மிக நல்ல தேர்வுகள்.

இனி நஞ்சுக்கொடியைப் பற்றிய செய்திக்கு வருகிறேன், ஆச்சி. இரண்டு நஞ்சுக்கொடிகள் இருந்ததால் அவர்கள் ஒருகரு இரட்டையர் அல்லர் என்ற முடிவு சரியன்று. கருவுற்ற ஒரே முட்டை முதல் மூன்று நாட்களுக்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டால், ஒவ்வொன்றும் தனக்கென நஞ்சுக்கொடியையும் பனிக்குடத்தையும் அமைத்துக்கொள்கிறது. ஒருகரு இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இப்படிப் பிறப்பவர்கள்தாம். சில நாட்கள் கழித்துப் பிரிந்தவை ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிப் பகிரும் கர்ப்பங்களில் 10 முதல் 15 விழுக்காடு வரை, ஒரு குழந்தையின் இரத்தம் மற்றொன்றுக்குச் செல்லும் ஆபத்தான நிலை ஏற்படக்கூடும். அதனால்தான் 14 வாரங்களுக்கு முன்பே ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். உங்கள் பிள்ளைகள் ஒரே பாலினத்தவர்; உருவமும் மிகவும் ஒத்திருக்கிறது. அவர்கள் ஒருகரு இரட்டையராக இருக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மரபணுப் பரிசோதனையால் இதை உறுதி செய்யலாம். பிற்காலத்தில் ஒருவருக்கு ஏதேனும் நோய் வந்தால் மற்றவருக்கு என்ன கவனிப்புத் தேவை என்பதையும், உறுப்பு மாற்றம் போன்ற அரிய சூழல்களில் யார் யாருக்குப் பொருந்துவார்கள் என்பதையும் தீர்மானிக்க இது உதவும்.

ஒருகரு இரட்டையரானாலும் கைரேகைகள் வெவ்வேறானவையே. கர்ப்பத்தின் மூன்றாம், நான்காம் மாதங்களில் விரல்நுனி வரிகள் உருவாகும்போது ஒவ்வொரு கருவும் கருப்பைக்குள் இருந்த நிலையும் அதன் மேல் விழுந்த அழுத்தமும் அவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்கப்படும்போது, உங்கள் பிள்ளைகள் இருவரும் தனித்தனி ஆட்களாகவே பதிவாகிறார்கள்.

கோட்டையூர் இளையவள் (இரட்டையரில் ஒருத்தி, தற்போது சிங்கப்பூரில்)

நானும் என் ஆச்சியும் (அக்காவும்) நான்கு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே துணியில் எடுத்த பாவாடை, ஒரே நிற ரிப்பன், ஒரே மாதிரிப் பெயர் என்று வளர்ந்தோம். அன்பால்தான் அப்படிச் செய்தார்கள் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் பள்ளி இறுதித் தேர்வு நுழைவுச்சீட்டில் அவள் புகைப்படம் எனக்கு வந்தது. வங்கி ஒன்றில் இருவரின் கணக்குகளும் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன. கடவுச்சீட்டு விண்ணப்பம், ஏற்கெனவே விண்ணப்பித்தவர் என்ற குறிப்போடு திரும்பியது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் வேறொருத்தி என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு என் மேல்தான் விழுந்தது.

இதைவிட என்னைப் பாதித்தது வேறொன்று. என் ஆச்சி வெளிநாட்டில் இருந்தபோது, வம்சாவளியைக் காட்டுவதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு உமிழ்நீரை அனுப்பினாள். அவள் அறிக்கையில் அவளுக்கு வரக்கூடிய சில நோய்களின் வாய்ப்பும் குறிப்பிடப்பட்டிருந்தது. நாங்கள் ஒருகரு இரட்டையர். அவள் மரபணுவைப் படித்தவர்கள் என் மரபணுவையும் படித்துவிட்டார்கள். நான் எந்தக் குப்பியிலும் துப்பவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. அவள் தெரிந்து செய்த தவறு என்று எதுவுமில்லை. அவள் உடல், அவள் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்துக்குள் நானும் இருந்தேன் என்பதை அந்த நிறுவனத்தின் படிவம் எந்த இடத்திலும் கேட்கவில்லை.

ஆகவே ஆச்சி, ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உமிழ்நீரைப் பற்றி மட்டும் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். ஒருவன் வேண்டாம் என்றால், மற்றவன் சம்மதித்தாலும் அந்த மாதிரியை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர்க்காரன் (புள்ளியியல் பேராசிரியர்)

இளையவளின் பதிவு மிகவும் முக்கியமானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே, ஆய்வுக்கு ஆதரவாகவும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

இரட்டையரை ஏன் தேடுகிறார்கள் என்பது புரிந்தால் அச்சம் பாதி விலகும். ஒருகரு இரட்டையர் ஏறக்குறைய முழு மரபணுத் தொகுப்பையும் பகிர்கிறார்கள்; இரண்டு தனி முட்டைகளிலிருந்து உருவான இருகரு இரட்டையர், உடன்பிறந்த மற்றவர்களைப் போலவே, வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். இருவகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஒரு பண்பில் ஒருகரு இணைகள் இருகரு இணைகளைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கின்றன என்று பார்த்தால், அந்தப் பண்பில் பரம்பரையின் பங்கைக் கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, முழு ஒப்புமைக்கு 1 என்ற அளவில், ஒருகரு இணைகளின் ஒப்புமை 0.8, இருகரு இணைகளின் ஒப்புமை 0.5 என்று வைத்துக்கொண்டால், வேறுபாட்டை இரட்டித்து 0.6 என்ற மதிப்பீட்டைப் பெறுகிறோம். அந்த மக்கட்கூட்டத்தில் அந்தப் பண்பில் காணப்படும் வேறுபாடுகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு மரபணு வேறுபாடுகளால் வருகிறது என்பதே அதன் பொருள். உங்கள் மகனின் கண்பார்வையில் 60 விழுக்காடு பரம்பரை என்று அதற்குப் பொருளில்லை. இதைப் பத்திரிகைகள் ஓயாமல் தவறாக எழுதுகின்றன.

1875இல் பிரான்சிஸ் கால்டன் இரட்டையரைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தச் சிந்தனை தொடங்குகிறது. இரு வகையினரையும் ஒப்பிடும் முறை 1920களில் உருவானது. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேடு 1954இல் தொடங்கப்பட்டு, 1870 முதல் பிறந்தவர்களைத் தேடிச் சேர்த்தது. நமக்கு அருகில் இலங்கையில் மனநல மருத்துவர் அதுல சுமதிபால 1997இல் இரட்டையர் பதிவேட்டைத் தொடங்கினார். பெரும்பாலான பதிவேடுகள் ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் பற்றியவை என்பதால், தெற்காசியக் குழந்தைகளைப் பற்றிய முடிவுகளுக்கு இங்குள்ள இணைகளே தேவை. அரிசிச்சோறு உண்டு, நம் வெயிலில் விளையாடி, நம் பள்ளிகளில் படிக்கும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை ஏன் வருகிறது என்பதை ஸ்டாக்ஹோமில் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பெயரும் உடையும் ஆய்வோடு தொடர்புடையவை என்பதையும் கவனியுங்கள். ஒருகரு இரட்டையரை வீட்டார் கூடுதலாக ஒரே மாதிரி நடத்தினால், அவர்களின் ஒப்புமை மரபணுவால் வந்ததா, நடத்தியதால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? இந்த ஐயத்தை வெகுகாலமாக எழுப்பிவருகிறார்கள். உங்கள் வீட்டைப் போலவே, பெற்றோர் இரட்டையரின் வகையைத் தவறாக நம்பியிருந்த குடும்பங்களை அதற்காகவே தேடி ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான பண்புகளில், பெற்றோர் நம்பியதைவிட உண்மையான வகையே ஒப்புமையைத் தீர்மானித்தது. ஆகவே உங்களைப் போன்ற குடும்பம் அவர்களுக்கு மிகவும் பயனுள்ளது. அதனாலேயே நீங்கள் கேள்விகளை உறுதியாகக் கேட்கலாம். பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை இங்கே கொண்டுவந்தவர் வள்ளல் அழகப்பர். அறிவியலுக்குக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதை உங்கள் மாமனாரிடம் நினைவுபடுத்துங்கள்.

தேவகோட்டை ஐயா

பேராசிரியருக்கு வணக்கம். வள்ளல் அழகப்பர் கொடுத்தது அவருடைய சொத்து. இங்கே கேட்கப்படுவது, தன் விருப்பத்தைத் தானே இன்னும் முழுமையாகச் சொல்லத் தெரியாத பிள்ளையின் உடலிலிருந்து எடுக்கப்படும் ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இரட்டையரை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்ததில்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் மெங்கலே என்ற மருத்துவன் இரட்டைக் குழந்தைகளைத் தனியே பிரித்தெடுத்து, அவர்கள் மேல் சொல்லக் கூசும் சோதனைகளை நடத்தினான். நாஜி மருத்துவர்கள் மேல் நடந்த விசாரணையின் முடிவில், 1947இல், பங்கேற்பவரின் தன்னார்வமான ஒப்புதல் இன்றியமையாதது என்ற நியூரம்பெர்க் நெறி எழுந்தது. அத்தோடு தீர்ந்ததா? நியூயார்க்கில் 1960களில் ஒரு தத்துக்கொடுப்பு நிறுவனம் இரட்டையரையும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரையும் வெவ்வேறு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது; தத்தெடுத்த பெற்றோரிடம் உண்மையைச் சொல்லாமலேயே நியூபாவர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதிவைத்தார். அந்த ஆவணங்கள் 2065 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பூட்டப்பட்டுள்ளன. அங்கே இருந்தவர்களும் படித்தவர்கள்தாம், பதவியில் இருந்தவர்கள்தாம்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் இசைவு கேட்பது பெரியவர்கள் தங்கள் பொறுப்பை இறக்கிவைப்பதாகவும் முடியலாம். பிள்ளை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டு.

பச்சிளங்குழந்தை மருத்துவர், மதுரை

ஐயாவின் எச்சரிக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். பிள்ளையின் இசைவு பெற்றோரின் ஒப்புதலுக்கு மாற்றாக வருவதில்லை. அதோடு கூடுதலாகத் தேவைப்படுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளிடம் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்துவழி இசைவையும் பெற வேண்டும். பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். பெற்றோர் மறுத்தால் பிள்ளை விரும்பினாலும் சேர்க்க முடியாது. விலக விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காகப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ எந்த இழப்பும் வரக் கூடாது.

குழுவிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தகவல் தாளைத் தமிழில் தரச் சொல்லுங்கள். உமிழ்நீர் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும், இந்த ஆய்வு முடிந்த பின் வேறு எதற்காவது பயன்படுமா, வெளிநாட்டுக்குப் போகுமா என்று கேளுங்கள். ஒருகருவா இருகருவா என்ற முடிவை உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பதையும் மறக்காதீர்கள். சில குழுக்கள் தெரிவிப்பதில்லை. எதிர்பாராத நோய்க்குறி ஏதேனும் தெரியவந்தால் யாரிடம், எப்படிச் சொல்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் முன்னிலையில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுப்பது எந்தப் பெற்றோருக்கும் கடினம்.

இளையவள் சொன்ன சிக்கலுக்கு எந்தப் படிவத்திலும் முழு விடை கிடையாது. ஒருவர் விலகும்போது அவர் மாதிரியை அழித்துவிடலாம். உடன்பிறந்தவரின் மாதிரி அங்கே இருக்கும்வரை அவருடைய மரபணுவும் ஏறத்தாழ முழுமையாக அங்கேதான் இருக்கும். ஐஸ்லாந்தில் 2021இல் வெளியான ஆய்வில், ஒருகரு இணைகளுக்கு இடையே கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்பட்ட மரபணு மாற்றங்களில் சராசரியாக ஐந்து மட்டுமே வேறுபட்டன.

காரைக்குடித் தாய்

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம். ஒருவன் உமிழ்நீர் தர விரும்பாவிட்டால் இருவரும் ஆய்வுக்குப் பயன்பட மாட்டார்களா? மரபணு இல்லாமல் வகையை அறியவே முடியாதா?

பள்ளத்தூர்க்காரன்

முடியும். மரபணுப் பரிசோதனை பரவலாவதற்கு முன்பு பெரிய பதிவேடுகள் எல்லாமே வினாத்தாளை நம்பித்தான் இயங்கின. சிறுவயதில் ஒரே அச்சாக இருந்தார்களா, உறவினரும் ஆசிரியரும் மாற்றி அழைத்தார்களா, பெற்றோரே எப்போதாவது குழம்பினார்களா என்ற கேள்விகளுக்கான விடைகளை மரபணு முடிவோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 95 விழுக்காடு பொருந்தியது. ஆய்வின் நோக்கம் கண்பார்வையும் உறக்கமும் என்றால், உமிழ்நீர் இல்லாமலும் உங்கள் பிள்ளைகளின் விவரம் பயன்படும். அதற்கு இடமில்லை என்று குழு சொன்னால், அந்தப் பதிலே உங்கள் முடிவுக்குப் போதுமான காரணம்.

தேவகோட்டை ஐயாவுக்கு ஒரு சொல். நிலத்தோடு ஒப்பிட்டது பொருத்தமன்று என்ற உங்கள் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொடுமைகளை வெளிக்கொணர்ந்தவர்களும் அந்த இரட்டையரே. ஆஷ்விட்ஸிலிருந்து சகோதரியோடு உயிர்தப்பிய ஏவா மோசஸ் கோர், 1984இல் அமைப்பு ஒன்றை நிறுவி, அந்தச் சோதனைகளுக்கு உள்ளான மற்ற இரட்டையரைத் தேடிச் சேர்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டு ஆய்வுக்குள் நிற்பதும் ஒரு வழியே.

கோட்டையூர் இளையவள்

நானும் பின்னர் கண்பார்வை பற்றிய ஓர் ஆய்வில் சேர்ந்தேன். முதல் நாளே, என் ஆச்சியின் மாதிரியும் உங்களிடம் வருமா, அவள் விலகினால் என்னுடையதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல அவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எழுத்தில் தந்தார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகே சேர்ந்தேன். எட்டு வயதில் என்னிடம் யாராவது ‘உனக்கு விருப்பமா?’ என்று அவள் இல்லாத அறையில் கேட்டிருந்தால், அவள் சொன்னதையே நானும் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எனக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால், முதலில் பேசுகிறவனின் பதில்தான் இருவருக்கும் பதிலாகும்.

காரைக்குடித் தாய்

நிலவரத்தைத் தெரிவிக்கிறேன். தங்கையின் வீட்டில் முத்துராமன், கருப்பையா என்ற பெயர்கள் முடிவாகிவிட்டன. சான்றிதழில் உள்ள நேரப்படி முதலில் பிறந்தவனுக்கு முத்துராமன். முத்துக்கருப்பன் ஐயா சற்று யோசித்துவிட்டு, கருப்பர் பெயர் இருந்தால் தமக்குப் போதும் என்றார். வீட்டில் அழைக்க அவரவர் விருப்பம்போல் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

என் பிள்ளைகளைத் தனித்தனியே கேட்டேன். மூத்தவன் எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். உமிழ்நீரை எந்தக் கருவியில் பார்ப்பார்கள் என்று விவரமாகக் கேட்டான். இளையவன் கண் பரிசோதனைக்கு வருகிறேன், ஆனால் எச்சில் தர மாட்டேன் என்றான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். மூத்தவனுக்கு ஏமாற்றம்தான், தன் எச்சிலைத் தான் கொடுப்பதற்குத் தம்பி ஏன் தடையாக வேண்டும் என்று கேட்டான். இருவர் உடலிலும் ஒரே மரபணு எழுத்துகள் இருக்கக்கூடும் என்று விளக்கிச் சொன்னேன். பாதி புரிந்துகொண்டான் என்று தோன்றுகிறது.

குழுவுக்குக் கடிதம் எழுதினேன். வினாத்தாளும் கண் பரிசோதனையும் மட்டும் போதும் என்றும், வகையை வினாத்தாள் மூலம் கணித்து எங்களுக்குத் தெரிவிப்பதாகவும் பதில் வந்திருக்கிறது. உமிழ்நீரைப் பற்றி, இருவருக்கும் 12 வயது நிறைந்து எழுத்துவழி இசைவு தரும் நிலை வந்த பிறகு மறுபடியும் பேசலாம் என்று எழுதிவிட்டேன். தமிழ்ப் படிவத்தில் பெற்றோர் கையொப்பத்துக்கு மட்டுமே இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் வாய்மொழி இசைவையும் அவனவன் பெயருக்கு எதிரே குறிக்க இரண்டு தனி வரிகள் சேர்த்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். திருத்திய படிவம் வந்ததும் மாமனாருக்கு முழுவதும் படித்துக் காட்டுவேன். அவருடைய கேள்விகளையும் குழுவிடம் கேட்டுப் பதில் பெற்ற பிறகே கையொப்பமிடுவோம்.